ஃபாக்டரிக்கு ஆர்டர் போட்ட பிக்கப் ட்ரக் ஏன் இன்னும் வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் பிக்கப் ட்ரக் வாங்க நினைக்கிற தமிழ் நண்பர்கள், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று போன் செய்வார்கள். டீலர் லாட்டில் நிற்கிற வண்டியில் வேண்டியது இருக்காது, ஃபாக்டரிக்கு ஆர்டர் போடுவார்கள். அப்புறம் சில வாரங்களில் அதே நண்பர் மறுபடி கூப்பிடுவார்: "வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று டீலருக்கே தெரியவில்லை!" 2021-இல் தொடங்கிய இந்தப் போன்கள் இன்னும் நிற்கவில்லை.

திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஃபோர்டு, ஜி.எம். (செவ்ரலே, ஜி.எம்.சி.) பிக்கப்களைப் பற்றியவை. பணம், வரி பற்றிய பதில்கள் அமெரிக்கச் சட்டப்படி.

1. ஆர்டர் போடுறதுன்னா என்ன? நேரா கம்பெனிக்கே காசு கட்டுறதா?

இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஃபோர்டு, ஜி.எம். போன்ற நெடுங்காலக் கார் கம்பெனிகள் நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்க முடியாது, டீலர் வழியாகத்தான் விற்க வேண்டும். கேபின், பின்பக்கப் பெட்டியின் நீளம், எஞ்சின், நிறம், பேக்கேஜ் எல்லாம் நீங்கள் தேர்ந்தெடுக்க, டீலர் அதைக் கம்பெனியின் கணினியில் ஏற்றுவார். உங்களுக்கு ஓர் ஆர்டர் எண் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆர்டர் உங்கள் பெயர் சேர்ந்த 'ரீடெய்ல் ஆர்டரா', இல்லை டீலர் தன் லாட்டுக்குப் போட்டுக்கொண்ட 'ஸ்டாக் ஆர்டரா' என்பது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ரீடெய்ல் ஆர்டருக்குத்தான் முன்னுரிமை. பெயர் ஏறிய பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆனால் பெயர் ஏறினாலும், நீங்கள் பணம் கட்டிக் கையெழுத்துப் போடும்வரை வண்டி டீலருடையதுதான். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

2. சரி, சாதாரணமா எத்தனை மாசம் ஆகும்?

எந்தத் தடங்கலும் இல்லாத காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். 2021, 2022-இல் ஆறு மாதம் சாதாரணம், ஒரு வருடம் தாண்டியவர்களும் உண்டு. மெக்சிகோவின் எர்மோசியோவில் தயாராகிற ஃபோர்டு மேவரிக்குக்கு ஆர்டர்கள் அளவுக்கு மேல் குவிந்ததால், 2022 மாடலுக்கு 2022 ஜனவரியிலேயே ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். முன்பே போட்டவர்களில் பலருடைய ஆர்டரும் அடுத்த மாடல் வருடத்துக்குத் தள்ளிப்போனது.

டீலர் "எட்டு வாரம்" என்று சொன்னால் அது வாக்குறுதி அல்ல, அவர் நம்பிக்கை. உறுதியான தேதி என்பது வண்டிக்கு வின் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) கிடைத்துத் தயாரிப்பு வாரம் குறித்த பிறகுதான். அதுவும் மாறலாம்.

3. நான் மார்ச்சில் போட்டேன். என் நண்பர் மே மாசம் போட்டார். அவருக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. இது என்ன நியாயம் அண்ணா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் நியாயமானதாகத்தான் இருந்தது. நீங்கள் இருவரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பதை ஆர்டர் போடும்போது யாரும் சொல்வதில்லை. கம்பெனி ஒவ்வொரு டீலருக்கும் இந்த மாடலில் இத்தனை வண்டி என்று தனித்தனி ஒதுக்கீடு தருகிறது. அந்த டீலர் முன்பு எத்தனை விற்றார் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் அந்தக் கணக்கு. ஊரில் ரேஷன் கடைக்குச் சர்க்கரை வருவதுபோல, உங்கள் அட்டை எந்தக் கடையில் இருக்கிறதோ அந்தக் கடைக்கு இறங்கின மூட்டைதான் உங்களுக்கு. நண்பரின் டீலருக்கு மாதம் பத்து வண்டி, உங்கள் டீலருக்கு ஒன்று என்றால், மார்ச் மே வித்தியாசம் செல்லாது.

இரண்டாவது காரணம் நீங்கள் கேட்ட சாமான்கள். தயாரிப்புக்கு ஆர்டர்களை எடுக்கும்போது, எதற்கு எல்லாப் பாகமும் கையில் இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார்கள். உங்கள் ஆர்டரில் தட்டுப்பாடான ஒரே ஓர் ஆப்ஷன் இருந்தால் போதும், ஒவ்வொரு முறையும் உங்களைத் தாண்டிப் போய்விடும். நண்பர் எளிமையான டிரிம் (வசதிகள் குறைந்த வகை) போட்டிருப்பார், அவருடையது ஏறிவிடும்.

மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. தன்னிடம் இருக்கும் ஆர்டர்களுக்குள் எது முன், எது பின் என்று டீலர்தான் வரிசை வைக்கிறார். ஃபோர்டில் இதற்கு முன்னுரிமை எண் உண்டு. எண் சிறியதாக இருந்தால் முன்னால். "என் ஆர்டருக்கு என்ன எண் போட்டிருக்கிறீர்கள்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

4. அப்படின்னா பெரிய டீலர்கிட்டதான் போடணுமா?

பெரிய டீலருக்கு ஒதுக்கீடு அதிகம், ஆனால் அவரிடம் காத்திருக்கிற ஆர்டரும் அதிகம். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள விகிதம். டீலரிடம் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: "இந்த மாடல் உங்களுக்கு மாதம் எத்தனை வருகிறது? எனக்கு முன்னால் தயாரிப்புக்குப் போகாத ரீடெய்ல் ஆர்டர் எத்தனை இருக்கிறது?" இரண்டுக்கும் எண்ணாகப் பதில் சொல்கிறவரிடம் போடுங்கள். "பார்த்துக்கலாம் சார், வந்துடும்" என்கிற இடத்தில் வேண்டாம்.

கிராமப்புறத்து டீலரையும் விட்டுவிடாதீர்கள். நூறு மைல் தள்ளிப் போய்ப் போட்டு, நகரத்தில் போட்டவர்களுக்கு முன்னால் ஓட்டிவந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அங்கே பிக்கப்தான் முக்கிய வியாபாரம், லாப வெறியும் கொஞ்சம் குறைவு என்பது என் அனுபவம்.

5. தாமதத்துக்கு நிஜமான காரணம்தான் என்ன? எப்போ கேட்டாலும் 'சப்ளை செயின்'னு ஒரே வார்த்தை சொல்றாங்க.

ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. 2020 வசந்தத்தில் தொழிற்சாலைகள் மூடியபோது கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களைக் குறைத்தன. அந்த இடத்தை லேப்டாப்பும் போனும் செய்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ட்ரக் விற்பனை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பியபோது சிப் இல்லை. வண்டிகளுக்குத் தேவைப்பட்டவற்றில் நிறைய, பழைய தலைமுறை சிப்கள். அவற்றுக்குப் புதிதாக ஆலை கட்ட யாருக்கும் ஆர்வமில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் பனிப்புயலில் ஆஸ்டினில் இருக்கும் சாம்சங், என்.எக்ஸ்.பி., இன்ஃபினியான் சிப் ஆலைகள் நின்றன. மார்ச் 19 அன்று ஜப்பானில் ரெனசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில் தீ. ஃபோர்டு அந்த பிப்ரவரியிலேயே டியர்பார்ன், கான்சஸ் சிட்டி இரண்டு இடத்திலும் எஃப்-150 ஷிஃப்டுகளைக் குறைத்தது.

2022 செப்டம்பரில் வண்டியின் முகப்பில் ஒட்டுகிற ஃபோர்டு நீல நிற பேட்ஜுக்கே தட்டுப்பாடு என்று செய்தி வந்தது. 2023-இல் யு.ஏ.டபிள்யூ. தொழிற்சங்க வேலைநிறுத்தம். செப்டம்பர் 15 அன்று ஜி.எம்.மின் வென்ட்ஸ்வில் (கொலராடோ, கேன்யன்), ஃபோர்டின் மிச்சிகன் அசெம்ப்ளி (ரேஞ்சர், பிராங்கோ), டொலீடோவின் ஜீப் ஆலை (கிளாடியேட்டர்) ஆகியவற்றில் தொடங்கி, அக்டோபரில் ஃபோர்டின் சூப்பர் டியூட்டி தயாராகிற கென்டக்கி ட்ரக் ஆலைக்கும், ராம் 1500 தயாராகிற ஸ்டெர்லிங் ஹைட்ஸுக்கும் பரவியது. இங்கே ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் மறியலில் நிற்பார், அடுத்த வீட்டுக்காரர் ட்ரக்குக்குக் காத்திருப்பார். தொழிலாளி கூலி கேட்டதைத் தாமதத்துக்கான பழியாகப் பேசுவது எனக்கு ஒப்பாது. ஆனால் உங்கள் தேதி தள்ளிப்போனதும் உண்மை.

2025 செப்டம்பர் 16-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்விகோவில் நொவெலிஸ் அலுமினிய ஆலையில் தீப்பிடித்தது. நவம்பரில் அதே ஆலையில் மறுபடியும். எஃப்-150-இன் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம், அதற்கான தகட்டில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஃபோர்டு தன் மின்சார எஃப்-150 லைட்னிங் தயாரிப்பை நிறுத்திவைத்து, இருக்கிற தகட்டைப் பெட்ரோல், ஹைப்ரிட் வண்டிகளுக்குத் திருப்பியது. ஆக டீலர் 'சப்ளை செயின்' என்று சொன்னால், "எந்தப் பாகம், எந்த ஆலை?" என்று கேளுங்கள். தெரிந்தவர் சொல்வார். தெரியாதவர் கம்பெனிக்குப் போன் போட்டாவது கேட்பார்.

6. 'கமாடிட்டி கன்ஸ்ட்ரெயின்ட்'னு டீலர் சொல்றார். அப்படின்னா?

3-ஆம் பதிலில் சொன்ன இரண்டாவது காரணத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர். ஏதோ ஒரு பாகமோ பேக்கேஜோ போதுமான அளவு வராததால், அது உள்ள ஆர்டர்களில் இத்தனைதான் எடுப்போம் என்று கம்பெனி வரம்பு வைக்கும். கேமரா பேக்கேஜ், கனமான ட்ரெய்லர் இழுக்கும் பேக்கேஜ், குறிப்பிட்ட எஞ்சின், சில சமயம் சக்கரமோ நிறமோகூட இதில் மாட்டும்.

எது இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிந்தால் அதை எடுத்துவிட்டு ஆர்டரைத் திருத்தலாம். ஆனால் ட்ரெய்லர் இழுக்கத்தான் வண்டியே வாங்குகிறீர்கள் என்றால், அந்த பேக்கேஜைச் சீக்கிரம் வர வேண்டும் என்பதற்காக எடுக்காதீர்கள். அதோடு வருகிற பின் அச்சு விகிதம், குளிரூட்டும் அமைப்பு போன்றவற்றைப் பிறகு வெளியில் பொருத்துவது நடக்காத காரியம். கண்ணாடி மேற்கூரை, பெரிய சக்கரம் போன்றவை போனால் போகட்டும்.

கம்பெனியே எடுத்துவிட்டதும் உண்டு. 2021 ஜூனில் ஜி.எம். சில பெரிய பிக்கப்களில் சிக்னலில் எஞ்சின் தானாக நின்று எடுக்கும் வசதியை நீக்கி 50 டாலர் கழித்தது. அதே நவம்பரில் சில மாடல்களில் சூடாகும் சீட்டும் ஸ்டியரிங்கும் போயின. மிச்சிகன் ஜனவரியில் சூடில்லாத சீட் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் ஸ்டிக்கர் (வண்டியில் ஒட்டிவரும் விலை, வசதிப் பட்டியல்) வந்ததும் வரி வரியாகப் படியுங்கள். "லேட் அவெய்லபிலிட்டி", "நாட் எக்விப்டு" என்று எங்கேயாவது இருந்தால் அது பிறகு பொருத்தித் தரப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

7. ஜி.எம். டீலர் '1100-இல் இருக்கு, 3000 ஆகணும்'னு நம்பரா சொல்றார். புரியலையே.

ஜி.எம். ஆர்டர் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் ஓர் எண் மாறும். 1100 என்றால் டீலரின் ஆர்டர் கணினியில் இருக்கிறது, கம்பெனி இன்னும் எடுக்கவில்லை. 2000 வந்தால் ஜி.எம். ஏற்றுக்கொண்டது, அதாவது ஒதுக்கீடு கிடைத்தது. 3000 தயாரிப்புப் பிரிவு ஏற்றது, 3300 தயாரிப்புக்கு நாள் குறித்தாயிற்று. 3800 வண்டி தயார், 4200 கிளம்பிவிட்டது, 5000 டீலரிடம் வந்துவிட்டது.

மாதக்கணக்கில் 1100-லேயே நின்றால் தொழிற்சாலைமேல் கோபப்பட்டுப் பயனில்லை. உங்கள் டீலருக்கு ஒதுக்கீடு வரவில்லை, அல்லது வந்ததை வேறொருவருக்குக் கொடுத்தார். டீலரை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இதுதான். 3000 தாண்டிவிட்டால் பொறுமையாக இருக்கலாம்.

8. ஃபோர்டில் அந்த மாதிரி நம்பர் இல்லையா?

ஆர்டர் ஏற்கப்பட்டது, நாள் குறித்தது, தயாரிப்பில், தயார், அனுப்பியது என்று வார்த்தையில் சொல்வார்கள், மின்னஞ்சலும் வரும். நாள் குறித்ததும் 17 இலக்க வின் நம்பர் கிடைக்கும். அதை வைத்துக் கம்பெனி இணையதளத்திலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம், டீலருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

9. வின் வந்துடுச்சு. நிறத்தை மட்டும் மாத்தணும்னு வீட்டில் சொல்றாங்க. முடியுமா?

வின் வந்த பிறகு மாற்றம் ஏறக்குறைய முடியாது. பாகங்கள் அந்த வண்டிக்கென்று கணக்காகிவிடும். ஜி.எம்.மில் 3000 வரும்வரை டீலர் திருத்தலாம். அதனால் நிறம், சீட் எல்லாவற்றையும் வீட்டில் எல்லோரும் நேரில் பார்த்து முடிவு செய்த பிறகே ஆர்டர் போடுங்கள். திரையில் தெரிகிற சாம்பல் வேறு, வெயிலில் தெரிகிற சாம்பல் வேறு.

10. 'பில்ட்' ஆயிடுச்சுன்னு மெயில் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வண்டி எங்கதான் நிக்குது?

இரண்டு வாய்ப்பு. முதலாவது, முழுதாக முடியாமல் தொழிற்சாலைக்கு வெளியே நிற்கலாம். ஏதோ ஒரு பாகத்தைத் தவிர எல்லாவற்றையும் பொருத்தி, பாகம் வந்ததும் முடித்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிடுவார்கள். 2021-இல் சூப்பர் டியூட்டி வண்டிகள் கென்டக்கி ஸ்பீட்வே பந்தய மைதானத்தின் பார்க்கிங் முழுக்க நின்றன. 2022 ஜூன் இறுதியில் ஜி.எம். தன்னிடம் சுமார் 95,000 வண்டிகள் இப்படி நிற்பதாகச் சொன்னது. அந்தச் செப்டம்பரில் ஃபோர்டு சொன்ன எண்ணிக்கை 40,000 முதல் 45,000 வரை.

பாகம் எல்லாம் இருந்தும் நிறுத்திவைப்பார்கள். புதுப்பித்த 2024 எஃப்-150-யும் ரேஞ்சரும் தயாராகி, தரச் சோதனைக்காகக் காத்திருந்தன. 2024 ஏப்ரலில்தான் 144,000 வண்டிகளை அனுப்பத் தொடங்கியதாக ஃபோர்டு அறிவித்தது. காத்திருந்தவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் விற்ற பிறகு குறையைச் சரிசெய்ய 'ரீகால்' என்று கூப்பிடுவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது வாய்ப்பு, ரயில். தொலைவான மாநிலங்களுக்கு வண்டிகள் ரயிலில் போய், இறங்கிய இடத்திலிருந்து கார் ஏற்றும் லாரியில் டீலருக்கு வரும். பிக்கப் உயரமானது என்பதால் இரண்டடுக்குப் பெட்டியில்தான் ஏறும். சின்ன கார்கள் மூன்றடுக்கில் ஏறும். பெட்டிக்குக் குறைவான வண்டி, பெட்டிக்குத் தட்டுப்பாடு, அதற்கு மேல் லாரி ஓட்டுநர் பற்றாக்குறை. "ஷிப்டு" என்று வந்த பிறகும் மூன்று நான்கு வாரம் ஆனால் பயப்பட வேண்டாம்.

11. அப்படி மாசக்கணக்கா வெயில்லயும் பனியிலயும் நின்ன வண்டியை வாங்கலாமா சார்?

வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கச் சட்டத்தில் தயாரித்த மாதமும் வருடமும் ஒட்டியிருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் முதலில் போவது பேட்டரி. சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், பலவீனமாக இருந்தால் புதியது போடாமல் எடுக்காதீர்கள். பிரேக் டிஸ்க்கில் துரு, டயர் ஒரு பக்கம் தட்டையானது, வயர்களை எலி கடித்தது எல்லாம் பார்க்க வேண்டியவை.

மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸாவின் தளத்தில் வின் நம்பரைப் போட்டால் நிலுவையில் உள்ள ரீகால் தெரியும். வாரன்டி கவலை வேண்டாம், வண்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் அது ஓடும்.

12. டெபாசிட் கட்டினேன். கேன்சல் பண்ணினா திரும்பக் கிடைக்குமா?

கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பதில். விற்பனையாளர் "ரீஃபண்டபிள்தான் பிரதர்" என்று வாயால் சொன்னது செல்லாது. "எந்தக் காரணத்துக்காகவும், வண்டி வந்த பிறகும், முழுதாகத் திருப்பித் தரப்படும்" என்ற வரி தாளில் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், செக் வேண்டாம். வழக்கமான நிறமும் ஆப்ஷனும் உள்ள வண்டிக்கு ஐந்நூறு, ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிற டீலரிடம் ஏன் என்று கேளுங்கள். யாரும் வாங்காத நிறமும் ஆப்ஷனும் போட்டிருந்தால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

13. வண்டி வந்துடுச்சு, ஆனா ஸ்டிக்கர் விலைக்கு மேல ஐயாயிரம் கேட்கிறார். கம்பெனியில் புகார் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் கம்பெனியால் டீலருக்கு விலை விதிக்க முடியாது. ஸ்டிக்கரில் இருப்பது பரிந்துரை விலை மட்டுமே. 2022 பிப்ரவரியில் ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி, சுமார் பத்துச் சதவீத டீலர்கள் ஸ்டிக்கருக்கு மேல் வாங்குகிறார்கள், அவர்கள் யார் என்று தெரியும், வருங்கால ஒதுக்கீட்டில் அது பாதிக்கும் என்றார். ஜி.எம்.மும் டீலர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆனால் அது உங்கள் கையில் இருக்கிற பில்லைக் குறைக்காது.

உங்களைக் காப்பது ஆர்டர் நாளில் வாங்கிய தாள். வண்டியின் விலை, டீலர் கூட்டுவதோ குறைப்பதோ எவ்வளவு, டாக் ஃபீ (காகித வேலைக்கான கட்டணம்) எவ்வளவு என்று எழுதி மேலாளர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கார் கம்பெனியில் வேலை செய்கிற நண்பர் மூலம் எக்ஸ் பிளான் (ஃபோர்டின் சலுகை விலை), சப்ளையர் தள்ளுபடி போன்றவை கிடைத்தால், அதை ஏற்கிறோம் என்பதும் அதே தாளில் வர வேண்டும். இரண்டும் இல்லாமல் வந்து நிற்கிறீர்கள் என்றால், எழுந்து போகத் தயாராக இருப்பதுதான் மிச்சமிருக்கிற பலம். ஆறு மாதம் காத்திருந்தவருக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். அது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

14. மாடல் வருஷம் மாறிடுச்சு, ஆர்டர் இன்னும் எடுக்கலை. விலை ஏறிடுமா?

பழைய வருடத்துக்கான தயாரிப்பு முடிந்ததும், எடுக்கப்படாத ஆர்டர்களை டீலர் புதிய வருடத்துக்கு மறுபடி போட வேண்டும். தானாக நடக்கும் என்று விட்டுவிடாதீர்கள். ஆர்டர் வாங்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே போட்டாரா என்று உறுதி செய்யுங்கள். விலை புதிய வருடத்துடையது. பழைய விலைக்குப் பாதுகாப்பு உண்டா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, வருடத்துக்கு வருடம் மாறும், எழுத்தில் கேளுங்கள். 6-ஆம் பதிலில் சொன்ன ஆப்ஷன்களின் பட்டியலும் மாறியிருக்கும், பழைய ஆர்டரை அப்படியே நகல் எடுக்கச் சொல்லாதீர்கள்.

வின்னின் பத்தாவது எழுத்து மாடல் வருடம்: ஆர் 2024, எஸ் 2025, டி 2026.

15. இப்ப ஓட்டுற வண்டியை முன்னாடியே வித்துடலாமா? லோனும் இப்பவே ரேட் லாக் பண்ணணுமா?

விற்க வேண்டாம். வண்டி கிளம்பியது என்று தெரியும்வரை கையில் இருக்கட்டும். 10-ஆம் பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும். பல மாநிலங்களில் பழைய வண்டியைப் புதியதோடு மாற்றினால் அந்தத் தொகைக்கு விற்பனை வரி குறையும். வெளியில் விற்பதற்கு முன் அதையும் கணக்கில் சேருங்கள்.

கடன் ஒப்புதல் பொதுவாக ஒரு மாதம்தான் செல்லும், அதனால் ஆர்டர் அன்று வாங்குவதில் பயனில்லை. 2022 மார்ச்சில் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதம் ஆனது. நடுவில் காத்திருந்தவர்களுக்கு வண்டி விலை மாறாமலேயே மாதத் தவணை ஏறிவிட்டது. உங்கள் கணக்கில் ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலும் கட்ட முடிகிற வண்டியைத்தான் ஆர்டர் போடுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குச் சில வங்கிகள் விசா முடியும் தேதியைப் பார்த்துத்தான் தவணைக் காலம் தரும், வண்டி வரும் மாதத்தில் எத்தனை காலம் மிச்சமிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

16. ரெண்டு டீலர்கிட்ட ஆர்டர் போட்டு, எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கலாமா?

டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்றால் சட்டப்படி தடையில்லை. ஆனால் ஒதுக்கீடு குறைவான சின்ன டீலரிடம் இப்படிச் செய்தால், பின்னால் நிற்கிற இன்னொருவரின் மாதம் வீணாகிறது. முதல் டீலரிடம் 4-ஆம் பதிலில் சொன்ன இரண்டு கேள்விக்கும் பதில் சரியில்லை என்றால், அங்கே ரத்து செய்துவிட்டு அடுத்தவரிடம் போவது நல்லது.

17. டிசம்பர்ல ஊருக்குப் போறோம். அப்ப பார்த்து வண்டி வந்துட்டா?

டீலர் சில நாள் வைத்திருப்பார், பல வாரம் வைத்திருக்க மாட்டார். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வட்டி கட்டுகிறார். 1-ஆம் பதிலில் சொன்னபடி அதுவரை வண்டி அவருடையது, வேறொருவருக்கு விற்றால் உங்களால் தடுக்க முடியாது. போகும் தேதியும் திரும்பும் தேதியும் முன்பே மின்னஞ்சலில் எழுதி, காத்திருக்கச் சம்மதம் வாங்குங்கள். அவருக்குத் தயக்கம் இருந்தால் கொஞ்சம் கூடுதல் முன்பணம் கொடுத்து உறுதி செய்யலாம்.

18. டொயோட்டா டீலர் ஆர்டரே எடுக்க மாட்டேங்கிறார். ஏன்?

அமெரிக்காவில் டொயோட்டா வாடிக்கையாளர் விருப்பப்படி தனியாகத் தயாரிக்கும் ஆர்டர் முறையை வைத்துக்கொள்ளவில்லை. டீலருக்கு வரவிருக்கும் வண்டிகளில் உங்களுக்குப் பொருந்துவதை முன்பதிவு செய்து தருவார். டண்ட்ராவோ டகோமாவோ வேண்டும் என்றால், கட்டாயம் வேண்டியவை இரண்டு மூன்றை மட்டும் சொல்லிவிட்டு, நிறத்தில் விட்டுக்கொடுங்கள். பல நேரம் இதுவே சீக்கிரம் வரும்.

19. எனக்கு எல்.எல்.சி. இருக்கு. டிசம்பருக்குள்ள ஆர்டர் போட்டுட்டா இந்த வருஷமே வரியில் கழிச்சுக்கலாமா?

முடியாது. ஆர்டர் தேதியோ, பணம் கட்டிய தேதியோ கணக்கில்லை. வண்டி உங்கள் தொழிலில் பயன்பாட்டுக்குத் தயாரான வருடம்தான் கணக்கு. டிசம்பர் 31 அன்று அது இன்னும் ரயிலில் இருந்தால் கழிவு அடுத்த வருடத்துக்கு. தொழில் பயன்பாடு ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டைத் தாண்டிய வண்டிக்குத்தான் பெரிய கழிவு.

தந்திரமான இடம் ஒன்று உண்டு. 2025-இல் வந்த சட்டம், ஜனவரி 19, 2025-க்குப் பிறகு வாங்கிய சொத்துக்கு முதல் வருடமே நூறு சதவீதத் தேய்மானம் தருகிறது. அதற்கு முன்பே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டிருந்தால், வண்டி எப்போது வந்தாலும் பழைய, குறைந்த விகிதம்தான். நீண்ட நாள் காத்திருந்தவர்கள் தங்கள் ஆர்டர் தாளைக் கணக்காளரிடம் அப்படியே காட்டுங்கள். திருப்பித் தரக்கூடிய டெபாசிட் தாள் அப்படிப்பட்ட ஒப்பந்தம்தானா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

20. நானும் என் கலீக்கும் ஒரே சில்வராடோ வாங்கினோம். அவருக்கு லோன் வட்டிக்கு வரிக் கழிவு உண்டாம், எனக்கு இல்லையாம். எப்படி?

வண்டி எங்கே கட்டி முடிக்கப்பட்டது என்பதில் வித்தியாசம். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய புதிய வண்டியின் கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை 2025 முதல் 2028 வரை கழிக்கலாம், ஆனால் அமெரிக்காவில் முழுமை பெற்ற வண்டியாக இருக்க வேண்டும். சில்வராடோ 1500 இண்டியானாவின் ஃபோர்ட் வேனிலும் வருகிறது, மெக்சிகோவின் சிலாவோவிலும் வருகிறது, கனடாவின் ஆஷவாவிலும் வந்திருக்கிறது. வின்னின் முதல் இலக்கத்தைப் பாருங்கள்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. எஃப்-150 அமெரிக்காவிலேயே தயாராகிறது, மேவரிக் மெக்சிகோ.

வருமான வரம்பும் உண்டு. தனியாகத் தாக்கல் செய்தால் 100,000 டாலரிலும், தம்பதியாகச் செய்தால் 200,000 டாலரிலும் கழிவு குறையத் தொடங்கி, அதற்கு மேல் 50,000 தாண்டினால் முழுதும் போய்விடும். இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கிற வீடுகளில் பலருக்கு இது கிடைக்காது, இதை நம்பித் தவணை போடாதீர்கள். ஆர்டர் போடும்போது எந்த ஆலை என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் சில கேபின், பெட்டி வகைகள் குறிப்பிட்ட ஆலையில் மட்டும் தயாராகும், டீலரைக் கேட்டால் பார்த்துச் சொல்வார்.

21. இனிமேலும் காத்திருக்கணுமா, இல்லை கேன்சல் பண்ணிட்டு லாட்டில் நிற்கிறதை எடுத்துடவா?

எண் நகர்ந்திருந்தாலோ வின் வந்திருந்தாலோ காத்திருங்கள். நாள் குறித்த வண்டியை விட்டுக்கொடுப்பது எனக்கு மனசு வராத காரியம். ஆறு மாதமாக 1100-லோ, நாள் குறிக்காமலோ நின்று, உங்கள் பழைய வண்டி ரிப்பேருக்குப் பணம் தின்கிறது என்றால் மாற்று தேடுங்கள். வேலைக்கு வண்டி வேண்டியவர்கள் இதில் வீம்பு பார்க்கக் கூடாது.

லாட்டுக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். கடன் கிடைக்காமலோ, வேலை மாறியோ, பொறுமை போயோ விட்டுவிட்ட ஆர்டர் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். உங்களைப் போலவே யாரோ யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்தவை அவை. சுற்றுவட்டார டீலர்கள் நான்கைந்து பேருக்கு, உங்களுக்குக் கட்டாயம் வேண்டியவற்றை மூன்று வரியில் எழுதி, "இப்படி ஓர் ஆர்டரை யாராவது விட்டால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்" என்று அனுப்புங்கள். திங்கட்கிழமை காலையில் அனுப்புவது நல்லது. வார இறுதியில் கைவிடப்பட்டவை அப்போதுதான் அவர்கள் மேசைக்கு வரும்.